நல்ல கேஸ்

உக்காரும் வே. இந்தப் பக்கமா உக்காரும், அங்கன ஃபேன் ஓடாது. முதல் தடவையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கீரே, மண்ணீரல் வீக்கந்தானே? இங்க மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர் நேத்தே சொன்னாரு. 'நல்ல மண்ணீரல் ஒண்ணு கிடைச்சிருக்கு அண்ணாச்சி, ஆளு புதுசு, பயப்படுறாரு, நீங்கதான் தைரியம் சொல்லணும்'னு. பயப்பட என்ன இருக்கு? பரீட்சை உமக்கா? டாக்டருக்குப் படிக்கிற பயலுவளுக்கு. நீரு சட்டையக் கழட்டிட்டுப் படுத்துக் கிடந்தாப் போதும். ஒருத்தன் வருவான், அமுக்கிப் பாப்பான், நாலு கேள்வி கேப்பான், இன்ன நோயின்னு எழுதுவான். அப்புறம் பெரிய டாக்டருமாரு வந்து அவனக் கேப்பாங்க. சரியாச் சொன்னா பாஸ். இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி வா.

என்னைத் தெரியாதாக்கும். பேரு ஆவுடைநாயகம். ஆனா இங்க அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தனும் கை காட்ட மாட்டான். மைட்ரல் அண்ணாச்சி எங்கன்னு கேளும், வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே கூட்டியாந்து விடுவான். மைட்ரலுன்னா என்னன்னு பாக்கீரா? நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு கதவு. சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தேன், அதுல அந்தக் கதவு சுருங்கிப் போச்சு. ரத்தம் அது வழியா நெருக்கியடிச்சுப் போவும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தந்தான் வே நம்ம சொத்து. எல்லா மைட்ரலுக்கும் இப்படிக் கேக்காதாம். சீஃபே சொல்லியிருக்காரு, 'இவ்வளவு சுத்தமான சத்தம் நான் வேற எங்கயும் கேட்டதில்லை'ன்னு. சீஃபுன்னா இந்த வார்டுக்குப் பெரிய டாக்டர். சும்மா யாரையும் பாராட்டுத ஆளு கிடையாது.

இந்த ஜில்லாவுல நெஞ்சுல குழாய வச்சுப் பாக்கிற டாக்டருல பாதிப் பேரு என் நெஞ்சுல வச்சுப் படிச்சவனுவதான். ரோட்டுல பாத்தா ஒருத்தனும் அடையாளம் கண்டுக்கிட மாட்டான், அது வேற விஷயம். சட்டை போட்டிருந்தா எப்படித் தெரியும்?

பயலுவளுக்கு என்ன தெரியுங்கீரு? ஒரு மண்ணும் தெரியாது. குனிஞ்சு பாக்கிற மாதிரி காதுக்குள்ள, 'அண்ணாச்சி, என்ன கேஸ் அண்ணாச்சி'ம்பான். நான் வாயே திறக்க மாட்டேன். பைய இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பேன். அப்படிப் படுத்தாத்தான் அந்தச் சத்தம் நல்லாக் கேக்கும், அது இவனுவ புஸ்தகத்துலயே இருக்கு. அறிவுள்ளவன் உடனே புரிஞ்சுக்கிடுவான். அறிவில்லாதவனுக்கு வாயத் திறந்து சொல்லணும். மரியாதையாக் கேட்டவனுக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் வந்து 'யோவ், திரும்பு'ன்னான். அவன்கிட்ட முழங்கால் வலியில ஆரம்பிச்சு, முழங்கால்லயே நிப்பாட்டிட்டேன். மூட்டு வாதம்னு எழுதிட்டுப் போனான் மூதி. என்ன அப்படிப் பாக்கீரு? நியாயந்தானே? மரியாதை தெரியாதவன் டாக்டராகி என்னத்தக் கிழிக்கப் போறான்?

பெரிய டாக்டருமாரு நியாயம் இருக்கே, அது தனி. பரீட்சை வைக்க ரெண்டு பேரு இங்க உள்ளவங்க, ரெண்டு பேரு வெளியூரு. வெளியூருக்காரங்களுக்கு முதல் நாள் சாயந்திரமே கோயில் தரிசனம், குளிக்க அருவி, எல்லா ஏற்பாடும் நடக்கும். மறுநாள் மார்க்கு போடும்போது இவரு முகத்த அவரு பாப்பாரு, அவரு முகத்த இவரு பாப்பாரு. ஒரு பய வந்தான், அவன் அப்பாவுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கு. குழாய என் நெஞ்சுல வச்சான் பாரும், மறுமுனை கழுத்துல தொங்குது. காதுல மாட்டவே இல்ல. அப்படியே கண்ண மூடித் தலைய ஆட்டிக்கிட்டே கேட்டான், கச்சேரி கேக்கிற மாதிரி. சீஃப் வந்தாரு. 'அப்பா சௌக்கியமா?'ன்னாரு. 'சௌக்கியம் சார்'னான். அவ்வளவுதான் பரீட்சை. நல்ல மார்க்காம். நான் குத்தம் சொல்லல. போவும்போது 'வாரேன் அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டுத்தான் போனான்.

ஆனா ஒருத்தி வந்தா வே, போன பரீட்சைக்கு. அவ கதையக் கேளும்.

ஜெபஷீலான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம், அப்பன் உப்பு லாரி ஓட்டுதான். என் கட்டிலுக்கு வந்தா. வந்தவ முதல்ல என்ன கேட்டாங்கீரு? 'வணக்கம் ஐயா, உங்க பேரு என்ன?'ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. இத்தனை வருஷமா இந்தக் கட்டில்ல கிடக்கேன், என்னைத் தெரியாம ஒருத்தி டாக்டருக்குப் படிச்சிருக்கா. மூத்த பயலுவகிட்ட விசாரிச்சுட்டு வர வேண்டாமா? பரீட்சைக்கு வாரவ அதக் கூடவா படிக்காம வருவா?

சரி, பொம்பளப் பிள்ளைன்னு மனசு இரங்கி, அவ கேக்காமலே இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். சொல்லுதா, 'ஐயா, நான் சொல்லும்போது திரும்பினாப் போதும், இப்ப மல்லாந்து படுங்க.' நான் பல்லக் கடிச்சுக்கிட்டு, 'ஏம்மா, என்ன நோயின்னு நானே சொல்லுதேன், எழுதிக்கோ'ன்னேன். அதுக்கு அவ, 'நோய் பேரு வேண்டாம் ஐயா. உங்களுக்கு என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க'ன்னா.

என்ன செய்யுது. கேட்டீரா வே? டாக்டரு கேக்கிற கேள்வியா இது? வீட்டுல பொண்டாட்டி கேக்கிற கேள்வி. இங்க எல்லாவனும் என்ன கேஸுன்னுதான் கேப்பான். சீஃப் கூட, 'என்ன அண்ணாச்சி, சத்தம் நல்லா இருக்கா'ன்னுதான் கேப்பாரு. எனக்கு என்ன செய்யுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல. அவ அப்படி வெடுக்குன்னு கேட்டதும் வாய் தவறிப் போச்சு. 'இப்பல்லாம் படபடன்னு அடிச்சுக்கிடுதும்மா, கூடைக்குள்ள கோழிக்குஞ்ச அடைச்சு வச்ச மாதிரி'ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கக் கடிச்சேன். ஏன்னா அது கேஸுல கிடையாது. மைட்ரல் அண்ணாச்சி கேஸுல என்னென்ன உண்டு, என்னென்ன கிடையாதுன்னு எல்லாருக்கும் மனப்பாடம். மூச்சு வாங்கும், உண்டு. படபடப்பு, கிடையாது. நாடி சீரா இருக்கும். அதுதான் விடை.

அவ விட்டாளா? என் மணிக்கட்டப் பிடிச்சா. மத்த பயலுவ நாடியப் பிடிச்சு, எண்ணுத மாதிரி உதட்ட அசைச்சுட்டு விட்டுருவானுவ. இவ ஒரு கையால நாடியப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால குழாய நெஞ்சுல வச்சு, ரெண்டையும் சேத்துப் பாத்துக்கிட்டே நிக்கா. நெஞ்சு அடிக்கிறதெல்லாம் கைக்கு வந்து சேருதான்னு பாக்காளாம். முகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு அவளுக்கு. பரீட்சை பயமில்ல அது. என்னைப் பாத்துப் பயந்தா வே. எனக்கு அது பிடிக்கல. ஆஸ்பத்திரியில ஒருத்தி என்னைப் பாத்துப் பயப்படுததுக்கு நான் என்ன நோயாளியா?

சீஃப் வந்தாரு, கூட வெளியூரு டாக்டரும் வந்தாரு. இவ மைட்ரல்னு சொல்லிட்டா, சத்தத்தையும் சரியாச் சொல்லிட்டா. அத்தோட நிறுத்தினா முதல் மார்க்கு அவதான். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. 'சார், நாடி தாறுமாறா அடிக்குது, இது புதுசா வந்திருக்கு, இவருக்கு உடனே வைத்தியம் பாக்கணும்'னா. சீஃப் சிரிச்சாரு. 'யம்மா, இவரு நம்ம பழைய கேஸ். காலையிலேருந்து இவரப் பாத்த எல்லாரும் நாடி சீரா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு மட்டும் எப்படித் தாறுமாறா அடிக்கும்?'னாரு. இவ தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கா. 'தொட்டுப் பாருங்க சார்'ங்கா. எவ்வளவு திண்ணக்கம் பாரும். பெரிய டாக்டரப் பாத்து, தொட்டுப் பாருங்க.

வெளியூருக்காரரு கொஞ்சம் இளகின மனசு போல. கைய நீட்டினாரு என் பக்கம். அதுக்குள்ள சீஃப், 'சார், சாப்பாடு வந்தாச்சு, நெய்மீன் ஆறிட்டா நல்லா இருக்காது, இன்னும் ஆளுக இருக்காங்க'ன்னாரு. நீட்டின கை திரும்பிப் போச்சு. போறதுக்கு முன்னால அந்த வெளியூருக்காரரு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'பெரியவரே, படபடப்பு உண்டா?'

நான் என்ன சொல்லணுங்கீரு? ஒரு பக்கம் சீஃப் நிக்காரு. வருஷா வருஷம் ஆள் விட்டுக் கூப்பிட்டு, கட்டில் போட்டு, 'அண்ணாச்சி வந்தாச்சா'ன்னு விசாரிக்கிற மனுஷன். இன்னொரு பக்கம் என் பேரு கூடத் தெரியாதவ. 'இல்லங்கய்யா'ன்னேன். அவ என்னைப் பாத்தா. பாக்கட்டும். அவளுக்கு ஒரு நியாயம், மத்தவனுவளுக்கு ஒரு நியாயமா? எல்லாப் பயலுவளுக்கும் ஒரே விடைதான். ஒருத்திக்காக விடைய மாத்தினா மத்தவனுக்கெல்லாம் அநியாயம் பண்ணின மாதிரி ஆயிராதா?

ஃபெயிலாக்கிட்டாங்க.

சும்மா போனாளான்னா, அதுவும் இல்ல. டீன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டா. என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க வே. டீன் ரூமுக்குள்ள, ஏசிக்குக் கீழ, எனக்கு நாற்காலி போட்டாங்க. சீஃப் உக்காந்திருந்தாரே, அதே மாதிரி நாற்காலி. 'அந்தப் பொண்ணுகிட்ட படபடப்புன்னு நீங்க சொன்னீங்களா?'ன்னு கேட்டாங்க. 'இல்ல சார், அந்தப் பிள்ளை பயத்துல தப்பாக் கேட்டிருக்கும்'னு கௌரவமாச் சொன்னேன். நோயாளியே இல்லன்னு சொன்ன பிறகு என்ன இருக்கு? கட்டிப் பூட்டியாச்சு.

வெளிய வந்தா வராந்தாவுல நிக்கா. மண்ண அள்ளித் தூத்தப் போறான்னு நினைச்சேன். கிட்ட வந்து, 'ஐயா, என் பரீட்சை போனாப் போவட்டும். நீங்க வேற எங்கயாவது போய் ஒரு இசிஜி எடுத்துப் பாருங்க. நாடி இப்படி ஓடுனா உள்ள ரத்தம் கட்டும். அது மூளைக்குப் போனா கை கால் விழுந்துரும்'னா. தோத்த பிறகும் இவளுக்கு வைத்தியம் கேக்குதாம். இது வைத்தியமா, சாபமா, நீரே சொல்லும்.

பாத்தேன். ஏன் பாக்காம? அவ சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுக்கிட வேண்டாமா? மதுரையில மக வீட்டுக்குப் போனப்ப, அங்க ஒரு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தேன். மெஷின்ல கோடு வந்துச்சு பாரும், கோழி கிண்டின மாதிரி. அங்க உள்ள டாக்டரும் இவ சொன்னதையே சொல்லுதாரு, ஒரு எழுத்து மாறல. 'மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும், பலூன் வச்சு அந்தக் கதவ விரிச்சு விடணும், இல்லன்னா வால்வ மாத்தணும்'னாரு. 'மாத்தினா அந்தச் சத்தம் இருக்குமா டாக்டர்?'னு கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, 'கவலைப்படாதீங்க, சத்தமெல்லாம் போயிரும்'னாரு. கூறுகெட்ட மனுஷன். எனக்கு நல்ல சேதி சொல்லுதாராம்.

சத்தம் போயிட்டா நான் யாரு வே? மில்லுல நூல் கட்டிக்கிட்டிருந்தேன், மூச்சு வாங்குதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டான். வீட்டுல மகன் என்னைத் தாண்டிப் போவான், தாண்டி வருவான். பக்கத்துத் தெருவுல செத்துப் போனவன் வீட்டுக்குக் கூட என்னைக் கூப்பிட மாட்டானுவ, நடக்க முடியாதுன்னு. இங்க வந்தாத்தான் 'அண்ணாச்சி வாங்க, அண்ணாச்சி படுங்க, அண்ணாச்சி மூச்ச நிறுத்துங்க.' ஆப்ரேஷன் பண்ணி நல்லாயிட்டேன்னு வையும், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். நல்லான மனுஷனுக்கு இந்த ஆஸ்பத்திரியில என்ன வேலை? பயமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. கை கால் விழுந்துருமேன்னும் பயமாத்தான் இருக்கு. எதுக்கு அதிகம் பயப்படுதேன்னு எனக்கே தெரியல.

சீஃபுக்குத் தெரியாதான்னு கேக்கீரு. எந்தக் காலத்துலயோ அவரே சொன்னாரு, 'அண்ணாச்சி, அந்தக் கதவ விரிச்சு விட்டுரலாம்'னு. நானும் சரின்னேன். 'இந்தப் பரீட்சை முடியட்டும்'னாரு. அப்புறம் அடுத்த பரீட்சை வந்துச்சு. அதுக்கு அடுத்தது வந்துச்சு. நல்ல கேஸ யாரு வே கையிலேருந்து விடுவா? அவரக் குத்தம் சொல்ல முடியாது. என் மேல அவ்வளவு பிரியம்.

கால ஏன் பாக்கீரு? நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். செருப்பு ஒரு சைஸ் பெருசா வாங்கினாச் சரியாப் போச்சு. தலையணை ஒண்ணுக்கு மூணு வச்சு, சாஞ்சுதான் தூங்குதேன். வயசானா எல்லாவனும் அப்படித்தான்.

இரும், பி.ஜி. டாக்டரு வாராரு. என்ன டாக்டர்? நான் ரெடிதான். மண்ணீரலுக்கும் எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன், பயம் தெளிஞ்சிட்டாரு. சீட்டுக் குலுக்கியாச்சா? யாரு எனக்கு?

யாரு?

சரி. போங்க டாக்டர், வாரேன். பைய வாரேன்.

கேட்டீரா வே? அவதான். ஆறு மாசம் கழிச்சு மறுபரீட்சை. சீட்டுல என் கட்டிலே விழுந்திருக்கு அவளுக்கு. அந்தா, கதவுகிட்ட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கா பாரும், அவதான். இளைச்சுத்தான் போயிருக்கா. இந்தத் தடவையும் போச்சுன்னா, கூடப் படிச்சவ எல்லாம் ஊசி போடும்போது இவ புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டே அலையணும். அப்பன் லாரியிலேருந்து இறங்கவே முடியாது.

இந்நேரம் அவளுக்குப் புத்தி வந்திருக்கும். கூட்டாளிமாரு சொல்லியிருப்பாளுவ, 'ஏட்டி, சும்மா நாடி சீரா இருக்குன்னு எழுதிட்டு வெளிய வா'ன்னு. எழுதட்டும். பாஸாகட்டும். எனக்கென்ன, அவ மேல கோவமா? திரும்பவும் அதே முயலப் பிடிச்சுக்கிட்டு நின்னா, என்னைக் கேப்பாங்க. நான் இல்லன்னுதான் சொல்லுவேன். டீன் ரூம்ல நாற்காலியில உக்காந்து சொன்ன சொல்லு அது. அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு பேசுதவன் நான் இல்ல.

ஆனா ஒண்ணு வே. அவளும் நாடி சீரா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டான்னு வையும். அப்புறம் இந்த ஆஸ்பத்திரியில எனக்கு என்ன செய்யுதுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல. அதை நினைச்சாத்தான் நெஞ்சுல என்னவோ பண்ணுது.

கூப்பிடுதாங்க. கொஞ்சம் கை கொடும், எந்திரிக்கேன். வே, மணிக்கட்டப் பிடிக்காதேயும். முழங்கையப் பிடியும்.